குடும்ப வழக்கில் பிள்ளைக்காகப் பேசுவது யார்?

எங்கள் தொடர்மாடியில் ஒரு குடும்பம் பிரிந்துகொண்டிருக்கிறது. வழக்கு கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நடக்கிறது. மாடிப்படியில், லிஃப்டுக்குள், கீழே மரக்கறி வண்டி வந்து நிற்கும்போது என்று எங்கே பார்த்தாலும் அதே கதைதான், நானும் கதைத்திருக்கிறேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டால் யாரோடு இருப்பது என்று பிள்ளையே முடிவு செய்யலாமாம், ஒருவர் சொல்கிறார். சின்னப் பிள்ளை என்றால் சட்டப்படி அம்மாவிடம்தான், வேறு பேச்சே இல்லை என்கிறார் இன்னொருவர். பிள்ளைக்கென்று அரசாங்கம் தனியாக ஒரு லோயர் போட்டுத் தரும் என்பது மூன்றாமவரின் கதை. நாலாமவர் அந்தத் தாயிடமே நேரே சொன்னார்: நன்னடத்தை உத்தியோகத்தர் (வீட்டு நிலைமையைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் அரச உத்தியோகத்தர்) வீட்டுக்கு வந்தால் பிள்ளையைக் கொண்டுபோய் ஹோமில், அதாவது சிறுவர் இல்லத்தில், போட்டுவிடுவார்கள், கதவைத் திறக்காதே.

நாலும் பிழை. கடைசியாகச் சொன்னது ஆபத்தான பிழை.

அந்த வீட்டுப் பையனுக்கு 9 வயது. என்னிடம் கணக்குப் படிக்க வருகிறவன். ஒரு நாள் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "மாமி, ஜட்ஜ் என்னையும் கேப்பாரோ?" எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் எங்கள் சொந்தத்துக்குள் நடந்த ஒரு வழக்குக்கு நாலு வருடம் தவணை தவணையாகக் கூடப் போய் வந்தவள், அங்கே வாசலில் காத்திருந்த நேரமெல்லாம் சட்டங்களைத் தேடி வாசித்தவள். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை முதலில் பெரியவர்களிடம் சொல்லிப் பார்ப்போம் என்று எழுதுகிறேன்.

எங்கே நோகுது?

பிள்ளைக்கு வயிற்றுவலி, பொரளை சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டொக்டர் வாயைத் திறக்க முன்னமே நாங்கள் தொடங்கிவிடுவோம், நேற்று ராத்திரி கொத்து ரொட்டி சாப்பிட்டது, போன கிழமையும் இப்படித்தான் சொன்னது என்று. கூட வந்த தகப்பன் வேறு ஒரு காரணம் சொல்வார். நல்ல டொக்டர் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, பிள்ளையின் பக்கம் திரும்பி, "எங்க நோகுது, தொட்டுக் காட்டுங்கோ" என்பார். தேவையென்றால் ரத்தம் எடுத்து லாபுக்கு அனுப்புவார். என்ன மருந்து என்பதைப் பிள்ளை முடிவு செய்வதில்லை. ஆனால் நோவு எந்த இடத்தில் என்று பிள்ளைக்குத்தான் தெரியும், அம்மா எவ்வளவு பாசமானவளாக இருந்தாலும் அவளால் அதை ஊகிக்கத்தான் முடியும்.

இந்த ஒரு காட்சியை வைத்து மூன்று வேறு வேறு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கலாம். குடும்ப வழக்கு பற்றிய குழப்பம் முழுக்க இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைவதால் வருகிறது.

பிள்ளை தொட்டுக் காட்டியது பிள்ளையின் குரல், அதாவது தனக்கு என்ன வேண்டும், என்ன பயம், என்ன பிடிக்கவில்லை என்று பிள்ளை தானாகச் சொல்வது. டொக்டர் யோசித்து எழுதிய மருந்து பிள்ளையின் சிறந்த நலன், அதாவது எல்லாவற்றையும் பார்த்த பிறகு பிள்ளைக்கு எது நல்லது என்று ஒரு பெரியவர் எடுக்கும் முடிவு. மூன்றாவது, பிரதிநிதித்துவம். பிள்ளையின் பக்கம் மட்டும் நின்று, பிள்ளைக்காகவே வாதாட ஒரு ஆள் இருப்பது. அப்படி ஒருவர் அந்த ஆஸ்பத்திரி அறையில் இல்லை, அங்கே தேவையும் இல்லை, ஏனென்றால் எல்லாரும் பிள்ளை சுகமாக வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார்கள். கோர்ட்டில் நிலைமை அப்படியில்லை.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்: குரல் பிள்ளையுடையது, நலன் பற்றிய முடிவு பெரியவர்களுடையது, பிரதிநிதித்துவம் என்பது ஒரு ஆள்.

வழக்கில் பிள்ளை எங்கே இருக்கிறது?

கொழும்பில் "குடும்ப நீதிமன்றம்" என்று நாங்கள் வாயால் சொன்னாலும், விவாகரத்தும் பிள்ளையின் கட்டுக்காப்பும் மாவட்ட நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. கட்டுக்காப்பு என்றால் பிள்ளை யாரோடு வாழ்வது, யார் பார்த்துக்கொள்வது என்ற பொறுப்பு, ஊரில் கஸ்டடி என்கிறோம். தாபரிப்புப் பணம், அதாவது பிள்ளையின் சாப்பாடு, படிப்பு, மருந்துச் செலவுக்கான காசு, 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கேட்கப்படும். முஸ்லிம் குடும்பங்களுக்கு விவாகரத்தும் பிள்ளைத் தாபரிப்பும் காதி நீதிமன்றத்தில், ஆனால் அவர்களுக்கும் கட்டுக்காப்புப் பிரச்சினை வந்தால் மாவட்ட நீதிமன்றம்தான். பாதுகாப்பில்லாமல் விடப்பட்ட அல்லது துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளின் விஷயம் வேறு பாதையில் போகும், 1939 ஆம் ஆண்டின் சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பத்தரமுல்லை சிறுவர் நீதிமன்றம் போன்ற இடங்களுக்கு. நாலாமவர் பயந்த "ஹோம்" கதை அந்தப் பாதையில் வருவது. தாயும் தகப்பனும் பிரியும் சாதாரண வழக்கில் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்க்க வருவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக இல்லை. கதவைத் திறக்காவிட்டால் "வீட்டைப் பார்க்க விடவில்லை" என்றுதான் அறிக்கையில் ஏறும், அது தாய்க்குத்தான் பாதகம்.

சரி, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காளி யார்? மனைவி. எதிராளி யார்? கணவன். அல்லது மாறி. அவருக்கொரு சட்டத்தரணி, இவருக்கொரு சட்டத்தரணி. பிள்ளை வழக்கில் ஒரு தரப்பே கிடையாது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பள்ளிக்கூடம் எல்லாம் மனுவில் இருக்கும், ஆனால் காணி வழக்கில் காணியின் எல்லைகள் எழுதப்பட்டிருக்கிற மாதிரி.

கலியாணப் பேச்சை நினைத்துப் பாருங்கள். முன்னறையில் இரண்டு வீட்டாரும் தரகரும் இருந்து பெண்ணின் படிப்பு, நிறம், சீதனம் எல்லாம் பேசுவார்கள். அவளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச்சு நடக்கும், அவள் உள்ளே இருப்பாள். எல்லாரும் அவளுடைய நல்லதுக்குத்தான் பேசுகிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவள் சார்பாக அங்கே யாரும் இல்லை.

எங்கள் நாட்டில் இதை மோசமாக்கும் இன்னொரு விஷயம், பொதுத் திருமணச் சட்டத்தில் ஒருவரின் குற்றத்தை நிரூபித்தால்தான் விவாகரத்து: துணையல்லாத ஒருவரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, அல்லது திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இரண்டு பேரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று நேராகப் போய்க் கேட்க வழியில்லை. ஆகவே வழக்கு தொடங்கும்போதே ஒருவரையொருவர் குற்றவாளியாக்க வேண்டியிருக்கிறது, அந்த வேலைக்குக் கையில் கிடைக்கும் முதல் ஆயுதம் பிள்ளைதான். "பிள்ளைக்குச் சாப்பாடே குடுக்கிறேல்ல", "பிள்ளையை விட்டிட்டுப் போனவள்" என்று சத்தியக் கடதாசியில் எழுதப்படும் வரிகளை ஒரு நாள் அந்தப் பிள்ளை வாசிக்கும் என்று எழுதுகிறவர்கள் நினைப்பதில்லை.

அப்படியென்றால் நீதிபதி? அவர் இருக்கிறார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பொதுச் சட்டத்தின் அடித்தளமான, ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோமன் டச்சுச் சட்டத்தில் நீதிமன்றம்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் மேலான பாதுகாவலர். தாய் தகப்பன் இருவரும் சேர்ந்து ஒரு உடன்பாட்டுக்கு வந்தாலும், அது பிள்ளைக்கு நல்லதில்லை என்று பட்டால் நீதிபதி அதை ஏற்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் தகப்பனுக்கு முன்னுரிமை இருந்தது, இப்போது நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முதலாவதாகப் பார்க்கின்றன. சின்னப் பிள்ளை பெரும்பாலும் தாயிடம் விடப்படுவது இந்தக் கணிப்பினால்தான், ஒரு வயதெல்லை வைத்து எழுதிய விதியால் இல்லை. பன்னிரண்டு வயதுக் கதையும் அதே மாதிரி. பொதுச் சட்டத்தில் பிள்ளை தானே தெரிவு செய்யும் வயது என்று ஒரு இலக்கம் கிடையாது. வயது கூடக் கூட பிள்ளையின் சொல்லுக்குக் கனம் கூடும், 14 வயதுப் பிள்ளையின் பேச்சை ஒதுக்குவது கடினம், அவ்வளவுதான். முஸ்லிம் குடும்பங்களில் மார்க்கச் சட்டத்தின் வயதுக் கணக்குகள் பேசப்படும், அதை இங்கே நான் எடுக்கவில்லை.

ஆக, இதுவரை வந்த இடம்: பிள்ளை வழக்கின் பேசுபொருள், தரப்பு இல்லை. நலனைப் பார்க்க நீதிபதி இருக்கிறார். ஆனால் அவர் பார்க்கக் கண் வேண்டுமே, அவர் எல்லா வீட்டுக்கும் போக முடியாது.

நீதிபதியின் கண்கள்

அந்தக் கண்களாக வருகிறவர்கள்தான் நாங்கள் பொதுவாக "உதவிச் சேவைகள்" என்று சொல்லும் ஆட்கள். நன்னடத்தை உத்தியோகத்தர், நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தைச் சேர்ந்தவர், எங்களுக்கு மேல் மாகாணத் திணைக்களம். குடும்ப ஆலோசகர், மாவட்ட நீதிமன்றத்தோடு சேர்ந்து வேலை செய்கிறவர், கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டுப் பேசுவதும் குடும்பப் பின்னணி பற்றி அறிக்கை தருவதும் அவர் வேலை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். துன்புறுத்தல் சம்பந்தப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை வரும், 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது, 1929 என்ற தொலைபேசி இலக்கம் அவர்களுடையது.

நீதிபதி அறிக்கை கேட்டால் நடப்பது இதுதான். உத்தியோகத்தர் ஒரு நாள் தாய் வீட்டுக்கு வருவார், இன்னொரு நாள் தகப்பன் வீட்டுக்கு. பிள்ளை எங்கே படுக்கிறது, படிக்க மேசை இருக்கிறதா, குடிக்கிற ஆட்கள் இருக்கிறார்களா, வேலைக்குப் போகும் நேரம் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியரிடம் விசாரிப்பார். அக்கம்பக்கம் கேட்பார், கிராம உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். பிள்ளையோடும் பேசுவார். பிறகு இதையெல்லாம் எழுதி, தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து, நீதிமன்றத்துக்கு அனுப்புவார்.

ஆஸ்பத்திரி உதாரணத்துக்குத் திரும்பினால், இது லாப் ரிப்போர்ட். டொக்டருக்குத் தேவையான ஒன்று, நல்ல டொக்டர் அது இல்லாமல் முடிவெடுக்க மாட்டார். ஆனால் லாப் ரிப்போர்ட் நோயாளியின் ஆள் இல்லை. அது நோயாளியைப் பற்றியது, டொக்டருக்கு எழுதப்பட்டது.

இந்த இடத்தில்தான் மூன்றாமவர் சொன்ன "அரசாங்கம் போடும் லோயர்" என்ற கதை பிறக்கிறது என்று நினைக்கிறேன். அரச உத்தியோகத்தர் ஒருவர் வந்து பிள்ளையோடு தனியாகப் பேசுவதைப் பார்த்தால், இவர் பிள்ளையின் ஆள் என்று தோன்றுவது நியாயம்தான். பிள்ளைக்கே அப்படித் தோன்றும். ஆனால் உத்தியோகத்தர் பதில் சொல்ல வேண்டியது நீதிமன்றத்துக்கு. பிள்ளை ஒன்றைச் சொல்லி, அவருடைய அபிப்பிராயம் வேறாக இருந்தால், அறிக்கையின் முடிவில் நிற்பது அவருடைய அபிப்பிராயம்தான். பிள்ளை சொன்னது நடுவில் ஒரு வரியாக இருக்கும், சில நேரம் அந்த வரியும் இருக்காது. அந்த அறிக்கையைப் பிள்ளைக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. "நான் அப்படிச் சொல்லேல்ல" என்று சொல்லப் பிள்ளைக்கு ஒரு இடமும் இல்லை.

சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மிக நல்ல சேவை, வசதியில்லாத எத்தனையோ தாய்மாருக்குத் தாபரிப்பு வழக்கில் சட்டத்தரணி அங்கேதான் கிடைக்கிறார். ஆனால் அந்தச் சட்டத்தரணியின் கட்சிக்காரர் தாய். தாயின் விருப்பமும் பிள்ளையின் விருப்பமும் ஒன்றாக இருக்கும் வரை பிரச்சினையில்லை.

இந்தச் சேவைகள் பிள்ளையை எவ்வளவு நன்றாகப் பிரதிநிதித்துவப்படுத்துகின்றன என்று கேட்டால் என் பதில் இது: நீதிபதியின் கண்ணாக, நேரம் கிடைத்த உத்தியோகத்தர் நன்றாகவே வேலை செய்கிறார், பிள்ளை பசியோடு இருக்கிற வீட்டையும் பயத்தோடு இருக்கிற வீட்டையும் அவர் கண்டுபிடித்துவிடுவார். பிள்ளையின் குரலைக் கொண்டுபோகிறவராக, அது ஆளைப் பொறுத்தது. பிள்ளையின் பிரதிநிதியாக, இல்லவே இல்லை. அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவும் இல்லை.

தமிழிலயா கேப்பார்?

பையன் கேட்ட இரண்டாவது கேள்வி இது. "ஜட்ஜ் தமிழிலயா கேப்பார், மாமி?"

கொழும்பில் எங்களுக்கு இது தனிப் பிரச்சினை, மற்ற எதையும் விட நான் இதைத்தான் நேரில் பார்த்தேன். அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரைப்படி நீதிமன்ற மொழிகள் சிங்களமும் தமிழும். வடக்கிலும் கிழக்கிலும் பதிவுகள் தமிழில், மற்ற இடங்களில் சிங்களத்தில். ஆனால் எந்த நீதிமன்றத்திலும் தமிழில் மனுப் போடவும், நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்கவும் தரப்பினருக்கு உரிமை உண்டு. நீதிமன்றத்துக்குள் அதற்கென்று முதலியார் என்று கூப்பிடப்படும் மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.

உள்ளே சரி. வெளியே, பிள்ளையோடு உத்தியோகத்தர் பேசும் அந்த அரை மணி நேரத்தில்?

எங்கள் சொந்தத்துப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. வந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், பிள்ளைக்கு டொபி கொண்டுவந்தவர், அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். பக்கத்து அறையிலிருந்து ஒரு உறவினர் வந்து மொழிபெயர்த்தார், அதுவும் தாய் பக்கத்து உறவினர். பிள்ளை சொன்னது எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கிறது: "அப்பாட்ட பயமில்ல, ஆனா இரவில அம்மா இல்லாட்டி நித்திரை வராது." அறிக்கையில் அது தகப்பன் வீட்டில் தங்கப் பிள்ளை விரும்பவில்லை என்ற பொருளில் சிங்களத்தில் இருந்தது. பிள்ளை கேட்டது பகலில் அப்பா, இரவில் அம்மா. அந்த ஒரு வரி சரியாகப் போயிருந்தால் தகப்பனுக்கு வார இறுதிப் பகல்கள் முதல் தவணையிலேயே கிடைத்திருக்கும், அதைத் திருத்த ஒன்றரை வருடம் போனது. அந்த ஒன்றரை வருடம் அந்தப் பிள்ளைக்கு ஆறிலிருந்து ஏழரை வயது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வேண்டும் என்று கேட்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

சொல்லிக் கொடுத்த பிள்ளை

பிள்ளையிடம் கேட்பதில் ஒரு பெரிய தயக்கம் இருக்கிறது, அது நியாயமானது: பிள்ளை சொல்வது பிள்ளையின் சொல்தானா? காலையில் கோர்ட்டுக்கு வரும்போது முச்சக்கர வண்டிக்குள் வைத்துச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை அதை அப்படியே ஒப்புவிக்கும். பிள்ளைகள் தங்களோடு இருக்கிறவரைக் காப்பாற்றப் பார்ப்பார்கள், அழுகிற அம்மாவைப் பார்த்த பிள்ளை அப்பா வேண்டாம் என்று சொல்லும், சொல்லிக் கொடுக்காமலே சொல்லும்.

நீதிபதிகளுக்கு இது தெரியும். அதனால்தான் பலர் பிள்ளையைத் திறந்த மன்றத்தில் நிறுத்தாமல் தங்கள் அறைக்குக் கூப்பிட்டு, தாய் தகப்பன் இல்லாமல் பேசுகிறார்கள். பையனின் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கேட்கலாம், கேட்காமலும் விடலாம், அது நீதிபதியின் விருப்பம். கேட்டால் பெரும்பாலும் அறைக்குள், கொஞ்ச நேரம். அதுவும் நீங்கள் நினைக்கிற மாதிரி "அம்மாவா அப்பாவா" என்று இருக்காது, எந்த வகுப்பு, யார் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள், ராத்திரி யாரோடு சாப்பாடு என்றுதான் தொடங்கும்.

ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு அந்நியரிடம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? நாலு தரம் சந்தித்துப் பழகின ஒருவருக்குத்தான் ஒப்புவித்த வரி எது, உள்ளிருந்து வந்த வரி எது என்று பிரித்துப் பார்க்க முடியும். பிள்ளை சொல்வதை நம்ப முடியாது என்பது பிள்ளையைக் கேட்காமல் விடுவதற்குக் காரணம் இல்லை, ஒரே ஆள் பல தரம் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம்.

காணிக்கு உண்டு

இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. 1889 இல் வந்த எங்கள் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில், 18 வயதுக்குக் குறைந்தவர் வழக்கில் ஒரு தரப்பாக இருந்தால் அவருக்காக ஒரு பெரியவரை நீதிமன்றம் நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. இவரை வழக்குப் பாதுகாவலர் என்று சொல்லலாம்: அந்த ஒரு வழக்குக்கு மட்டும், பிள்ளையின் பக்கத்துக்காக மட்டும் நிற்கிற ஆள். பிள்ளையின் நன்மைக்கு எதிரான சொந்த லாபம் அவருக்கு இருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. தாத்தா விட்டுப்போன காணியில் பிள்ளைக்குப் பங்கு இருந்தால், பாகப்பிரிவினை வழக்கில் இப்படி ஒருவர் நியமிக்கப்படுவார். மரணசாதன வழக்குகளிலும், அதாவது இறந்தவரின் சொத்து பற்றிய வழக்குகளிலும், அப்படித்தான்.

ஆக, வெள்ளவத்தையில் அரைப் பேர்ச் காணி பற்றி வழக்கென்றால் பிள்ளைக்கு ஒரு ஆள் உண்டு. பிள்ளை யாரோடு வாழ்வது என்ற வழக்கில், பிள்ளை தரப்பு இல்லை என்பதால், வழக்கமாக ஆள் இல்லை.

வேறு வழியே இல்லை என்று இல்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பிள்ளை துன்பப்பட்டால் பிள்ளைக்காகப் பெற்றோர் மட்டுமில்லை, பிள்ளை கூட வாழ்கிற வேறொருவரோ, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அதிகாரம் கொடுத்த ஒருவரோ, பொலிஸோ பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். லண்டனிலிருந்தோ வேறு எங்கிருந்தோ பிள்ளையை மற்றப் பெற்றோரின் சம்மதமில்லாமல் கொழும்புக்குக் கொண்டுவந்துவிட்ட வழக்குகளில், எங்கள் சனத்துக்குள் இது கொஞ்சம் கூடவே நடக்கிறது, 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் நாடு விட்டு நாடு கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் பற்றிய 1980 ஆம் ஆண்டு ஹேக் சமவாயத்தைப் பின்பற்றுகிறது. அதில் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்புவதா என்று பார்க்கும்போது, போதிய முதிர்ச்சியுள்ள பிள்ளை போக மாட்டேன் என்று மறுத்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

மற்ற இடங்களில்

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 12 ஆவது உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் எந்த வழக்கிலும் பிள்ளையின் கருத்து கேட்கப்பட வேண்டும், நேராகவோ அல்லது பிரதிநிதி ஒருவர் மூலமாகவோ, என்கிறது. இந்த வயதுக்கு மேல்தான் என்று அது எல்லை போடவில்லை.

எங்களைப் போலவே உரோமன் டச்சுச் சட்டத்தில் நிற்கிற நாடு தென்னாபிரிக்கா. அவர்களுடைய அரசியலமைப்பின் 28 ஆவது பிரிவிலேயே, சட்டத்தரணி இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பெரிய அநீதி நடக்கும் என்ற குடியியல் வழக்கில் அரச செலவில் பிள்ளைக்குச் சட்டத்தரணி என்று இருக்கிறது. எங்கள் சட்டத்தின் வேர் இதற்குத் தடை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் 2001 இலிருந்து கஃப்காஸ் என்ற சேவை இருக்கிறது, குடும்ப வழக்குகளில் பிள்ளையின் நலன் பற்றி நீதிமன்றத்துக்குச் சொல்வது அதன் வேலை. அரசு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து எடுக்கக் கேட்கும் வழக்கில் பிள்ளை ஒரு தரப்பு, பாதுகாவலர் ஒருவர், சட்டத்தரணி ஒருவர் என்று பிள்ளைக்கு இரண்டு ஆட்கள். ஆனால் தாயும் தகப்பனும் தங்களுக்குள் வழக்காடும்போது அங்கேயும் பெரும்பாலும் அறிக்கை மட்டும்தான், அதனால் அங்கே எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவில் பிள்ளைக்கென்று சுயாதீன சட்டத்தரணியை நீதிமன்றம் நியமிக்கலாம். அவர் பிள்ளையை நேரில் சந்தித்தே ஆக வேண்டும் என்பது, சில விலக்குகளோடு, 2024 மே மாதத்தில்தான் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பிள்ளையின் சட்டத்தரணி பிள்ளையைச் சந்திக்க ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது. ஆளை நியமித்தால் மட்டும் போதாது, குரல் தானாக வந்துவிடாது.

அடுத்த தவணைக்கு முதல்

உங்கள் வீட்டில் இப்படி ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தால், சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாது. எனக்குப் பிந்தித் தெரிந்தவற்றை முந்திச் சொல்கிறேன்.

குடும்ப ஆலோசகரின் அறிக்கையை நீதிமன்றம் கூப்பிடட்டும் என்று காத்திராமல் உங்கள் சட்டத்தரணி மூலம் கேட்கலாம். தமிழ் நன்றாகத் தெரிந்த உத்தியோகத்தர் வேண்டும், இல்லாவிட்டால் உறவினர் அல்லாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே கேளுங்கள், அறிக்கை வந்த பிறகு கேட்பது கடினம். பிள்ளையோடு தனியாக, இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு தரம் பேசவேண்டும் என்றும் கேளுங்கள். அறிக்கை வந்ததும் முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, பிள்ளை சொன்னதாக எழுதியிருக்கும் வரியைத் தனியாகப் பாருங்கள், பிழையென்றால் அந்தத் தவணையிலேயே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், அறிக்கை எழுதியவரைக் கேள்வி கேட்க அனுமதி கோரலாம். நீதிபதி அறைக்குள் பிள்ளையைச் சந்திக்க வேண்டும் என்றும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை, அதாவது வழக்கு முடியும் வரைக்குமான ஒழுங்கு, நிலைமை மாறினால் திருத்தக் கேட்கக் கூடியது, அது கடைசித் தீர்ப்பு இல்லை. உத்தியோகத்தர் வந்தால் கதவைத் திறவுங்கள். வீட்டை அலங்கரிக்க வேண்டாம், பிள்ளையின் புத்தகங்கள் கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும்.

பிள்ளைக்கு என்ன சொல்வது என்றுதான் எனக்குக் கடினமாக இருந்தது. நான் பையனிடம் சொன்னது இவ்வளவுதான்: யாரையும் தெரிவு செய்யச் சொல்லி யாரும் கேட்டால், தெரியாது என்று சொல்லலாம், அது பொய் இல்லை. உனக்கு எது முக்கியமோ அதை மட்டும் சொல்லு. என்ன முக்கியம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினான். சனிக்கிழமை நீச்சல் வகுப்பு விடக் கூடாது. அப்பா வீட்டில் தனிக் கட்டில் வேண்டும், அப்பம்மாவோடு படுக்கக் கூச்சமாக இருக்கிறது. தங்கச்சியையும் தன்னையும் வேறு வேறு நாளில் அனுப்பக் கூடாது.

மூன்றாவது வரி தாயின் மனுவிலும் இல்லை, தகப்பனின் பதிலிலும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தாயிடம் கொடுத்தேன், ஒரு பிரதி தகப்பனுக்கும் அனுப்பச் சொன்னேன். தவணை அடுத்த மாதம் 14 ஆம் திகதி.